நட்ட மரத்துக்கும் கணக்கு உண்டு



கடைக்குச் சரக்கு வந்து இறங்கியதும் நாம் செய்யும் முதல் வேலை என்ன? மூட்டைகளை எண்ணி ஏட்டில் வரவு வைக்கிறோம். பிறகு விற்றது எவ்வளவு, இருப்பு எவ்வளவு, கெட்டுப்போனது எவ்வளவு என்று மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கிறோம். இருப்புக் குறைந்தால் காரணம் தேடாமல் உறங்கும் வியாபாரி நம்மில் எவரும் இல்லை. அத்தகைய நாம், பத்துப் பேர் கூடி ஒரு மரக்கன்றை நட்டால் மட்டும் அதை எந்த ஏட்டிலும் எழுதி வைப்பதில்லை. நட்டோம், படம் எடுத்தோம், விருந்துண்டோம், வீடு திரும்பினோம். கன்று பிழைத்ததா, பட்டுப்போனதா என்று கேட்பார் இல்லை.

நகரத்தில் மரம் நடுவதைப் பற்றியும், நட்டதைத் தொண்டர்கள் கூடிக் காப்பாற்றும் முறையைப் பற்றியும் இம்மாதப் பாடத்தில் ஆராய்வோம்.

1. நாம் கண்ட நட்டம்

பிறர் குறையைச் சொல்லுமுன் நம் குறையைச் சொல்லிவிடுவது முறை. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கடைவீட்டு வரிசையின் பின்புறத்து வெற்றிடத்தில், இடத்துக்கு உரியவரின் அனுமதியோடு நாம் பன்னிரண்டு கன்றுகளை நட்டோம். அது நவம்பர் மாதம். இளைஞர்கள் நிறையப் பேர் வந்தார்கள். மண்வெட்டிக்குப் போட்டி நடந்தது. அடுத்து வந்த இரண்டு மாதங்களும் நல்ல மழை. எப்போதாவது எட்டிப் பார்த்தபோதெல்லாம் கன்றுகள் தளதளவென்று நின்றன. எல்லோருக்கும் மகிழ்ச்சி. மழை ஊற்றிய நீரை நாம் ஊற்றியதாகவே எண்ணிக்கொண்டோம்.

பிப்ரவரியில் மழை நின்றது. இவர் ஊற்றுவார் என்று அவரும், அவர் ஊற்றுவார் என்று இவரும் இருந்தார்கள். மார்ச்சில் போய்ப் பார்த்தபோது பன்னிரண்டில் ஏழு கன்றுகள் விறகாய் நின்றன.

அந்த ஏழையும் பிடுங்கிப் பார்த்தோம். அன்றுதான் நமக்குப் பாடம் தொடங்கியது. இரண்டு கன்றுகளின் வேரில் நாற்றங்கால்காரர் கொடுத்த கறுப்புப் பிளாஸ்டிக் பை அப்படியே இருந்தது. பையைக் கழற்றாமலே யாரோ அவசரத்தில் நட்டிருக்கிறார். இரண்டு கன்றுகளைத் தேவைக்கு மேல் ஆழத்தில் புதைத்திருந்தோம். மண்ணுக்குள் இருந்த தண்டின் பட்டை அழுகிவிட்டது. ஒன்றின் கழுத்தை, ஊன்றுகோலோடு சேர்த்துக் கட்டிய கம்பி இறுக்கியிருந்தது. மற்ற இரண்டும் ஒரு சமையற்கட்டின் பின்வாசலை ஒட்டி நின்றவை. பாத்திரம் கழுவிய சவுக்காரத் தண்ணீரும் வடித்த கொதிநீரும் அவற்றின் அடியில்தான் நாள்தோறும் கொட்டப்பட்டன. நோய் வேறு வேறு; வறட்சி கடைசி அடியை அடித்தது. எதையும் விதி என்று சொல்லித் தப்ப வழியில்லை. ஏழு சாவுக்கும் ஏழு காரணம் இருந்தது. அத்தனையும் நம் கையால் ஆனவை.

பிழைத்த ஐந்தைப் பற்றிக் கடைசியில் சொல்வோம்.

2. மரத்தின் பெயரால் நிற்கும் ஊர்கள்

மரத்துக்கும் வியாபாரிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். நம் முன்னோர் வந்திறங்கிய துறைமுகங்களின் பெயர்களைப் பாருங்கள். பினாங்கு என்பது பாக்குமரத்தின் மலாய்ப் பெயர். அத்தீவில் ஜார்ஜ்டவுன் நகரம் எழுந்த முனைக்குப் பழம்பெயர் தஞ்சோங் பெனாகா. பெனாகா லாவுட் என்பது நம் கடற்கரைகளில் வளரும் புன்னையே. மலாக்காவின் பெயரும் ஒரு மரத்தின் பெயர்தான் என்பது மலாய் மரபு. அந்த மரம் நம் நெல்லியின் இனம். சிங்கப்பூரில் சுல்தான் பள்ளிவாசல் நிற்கும் கம்போங் கிளாமுக்குப் பெயர் தந்ததும் கெலாம் மரமே. அதன் பட்டையைப் படகுகளின் இடுக்குகளை அடைக்கப் பயன்படுத்தினார்கள். அதன் இனத்து இலையிலிருந்து வடிப்பதுதான் நம் மருந்துக்கடைகளில் விற்கும் காயாபுட்டித் தைலம்.

இன்னும் அருகே வேண்டுமானால் உங்கள் கல்லாப்பெட்டியைத் திறந்து பாருங்கள். சிங்கப்பூரின் ஐந்து வெள்ளி நோட்டின் பின்புறத்தில், தரையோடு நீண்டு பின் நிமிரும் கிளையுடைய ஒரு பெருமரம் இருக்கும். அது தாவரவியல் பூங்காவில் நிற்கும் தெம்புசு மரம். நாள் முழுவதும் அந்த மரத்தை எண்ணி எண்ணிக் கொடுக்கிறோம், வாங்குகிறோம். ஒரு நாள் அதன் நிழலில் போய் நின்றவர் நம்மில் எத்தனை பேர்?

3. ஒரு நகரம் மரம் நட்ட கதை

1963ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் அன்றைய பிரதமர் லீ குவான் இயூ, ஃபேரர் சர்க்கஸில் ஒரு மெம்பாட் மரக்கன்றை நட்டு, சிங்கப்பூரின் மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கினார். இளஞ்சிவப்புப் பூ பூக்கும் மரம் அது. 1967இல் பூந்தோட்ட நகரம் என்ற குறிக்கோள் அறிவிக்கப்பட்டது. 1971 நவம்பர் 7ஆம் நாள் முதல் மரம் நடும் தினம் கொண்டாடப்பட்டது. அன்று ஃபேபர் மலையுச்சியில் டாக்டர் கோ கெங் சுவீ ஒரு தூங்குமூஞ்சி மரத்தை நட்டார்.

மரம் நடும் தினத்துக்கு நவம்பரின் முதல் ஞாயிறைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு கருத்து உண்டு. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலம் அது. புதுக்கன்று வேர்பிடிக்கும் வரை வானமே நீர் ஊற்றும். ஆனால் அந்த வசதி சில மாதத்துக்கு மட்டுமே என்பதை நாம் நட்டப்பட்டு அறிந்தோம். இது மழைநாடுதான், ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. எனினும் 2014இல் ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாட்கள் சிங்கப்பூரில் மழையே இல்லை. பசும்புல் எல்லாம் பழுப்பானது. முப்பதாண்டு மரம் அதைத் தாங்கும். மூன்று மாதக் கன்று தாங்காது.

நல்ல எண்ணத்தோடு நட்டால் போதாது, அறிவோடும் நட வேண்டும் என்பதற்கு அங்சானா மரம் சாட்சி. ஆள் உயரத்தைத் தாண்டிய தடித்த கிளையை வெட்டி நட்டாலும் அது வேர் விடும். ஆகவே உடனே நிழல் வேண்டிய சாலைகளில் அதை ஏராளமாக நட்டார்கள். ஆனால் அங்சானாவை வாடவைத்துக் கொல்லும் ஒரு பூஞ்சை நோய் உண்டு. மலாக்காவிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் பல அங்சானா மரங்கள் அதற்குப் பலியாயின. ஒரே சரக்கில் முதல் முழுவதையும் போடுவது வியாபாரத்தில் ஆபத்து. மரத்திலும் அப்படியே. பல வகை கலந்து நடுவதே பாதுகாப்பு.

1975இல் பூங்கா, மரங்கள் சட்டம் வந்தது. 2001இல் மரபுடைமை மரத் திட்டம் தொடங்கி, வயதும் சிறப்பும் வாய்ந்த மரங்கள் அடையாளம் காணப்பட்டன. 2005இல் தேசியப் பூங்காக் கழகம் சமூகத் தோட்டத் திட்டத்தை ஏற்படுத்தியது. குடியிருப்புகளிலும் பள்ளிகளிலும் தொண்டர்கள் கூடித் தோட்டம் வளர்க்கிறார்கள். 2020இல் ஒரு மில்லியன் மரங்கள் இயக்கம் தொடங்கியது. இதில் பொதுமக்கள் அதிகாரிகளோடு சேர்ந்து மரம் நடுகிறார்கள். 2018 முதல் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மரங்களின் இடமும் இனமும் ஒரு வரைபடத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. ஒரு நகரமே தன் மரங்களுக்குப் பேரேடு வைத்திருக்கும்போது பன்னிரண்டு கன்றுக்கு நாம் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கக் கூடாதா?

4. இடத்துக்கேற்ற மரம்

எந்த மரத்தையும் எங்கும் நடலாகாது. தூங்குமூஞ்சி மரம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியிலிருந்து 1876இல் சிங்கப்பூருக்கு வந்தது. மாலையில் அதன் இலைகள் மூடிக்கொள்வதால் நாம் அதைத் தூங்குமூஞ்சி என்கிறோம். மலாய்க்காரர்கள் ஐந்து மணி என்று பொருள்படும்படி புக்குல் லீமா என்று பெயர் வைத்தார்கள். சாலைக்கும் திடலுக்கும் அதைப் போன்ற நிழல்மரம் அரிது. ஆனால் அதன் குடை நூறடி அகலம் வரை விரியும். அதைக் கடைவீட்டுச் சந்தில் நட்டால் மரத்துக்கும் துன்பம், சுவருக்கும் துன்பம்.

ஆகவே கன்று வாங்குமுன் மூன்று பக்கம் பார்க்க வேண்டும். மேலே மின்கம்பியும் கூரையும் உண்டா? கீழே குழாயும் சாக்கடையும் உண்டா? பக்கத்தில் சுவரும் வண்டிப் போக்குவரத்தும் உண்டா? இன்றைய கன்றின் அளவைப் பார்த்து இடம் ஒதுக்காமல் இருபது ஆண்டுக்குப் பின் அது பெறப்போகும் அளவைப் பார்த்து ஒதுக்க வேண்டும்.

அனுமதியும் முக்கியம். சாலையோரமும் பொது நிலமும் நம் விருப்பப்படி குழி தோண்டும் இடமல்ல. தேசியப் பூங்காக் கழகம், நகர மன்றம், அல்லது நிலத்துக்கு உரியவர் ஆகியோரிடம் கேட்டே நட வேண்டும். அனுமதியின்றி நட்ட நல்ல மரமும் ஒரு நாள் வெட்டப்படும். அப்போது நம் உழைப்பும் வீண், மரத்தின் உயிரும் வீண்.

5. நடும் முறை

முதலில் கன்றின் பையைக் கிழித்து முற்றிலும் அகற்றுக. பைக்குள் நெடுநாள் இருந்த கன்றின் வேர்கள் வட்டமாகச் சுற்றியிருக்கும். அவற்றைப் பிரித்து விடுக. பிரியாதவற்றைக் கூரிய கத்தியால் நறுக்குக. சுற்றிய வேர் வளர வளரத் தன் தண்டையே இறுக்கும்.

குழியின் ஆழம் வேர்மண் கட்டியின் உயரமே இருக்க வேண்டும்; அகலம் அதைப் போல் இரண்டு மூன்று மடங்கு இருக்க வேண்டும். ஆழமாகத் தோண்டினால் மரம் உறுதியாக நிற்கும் என்று நாமும் நினைத்திருந்தோம். அது தவறு. தண்டு விரிந்து வேராக மாறும் இடம் மண்மட்டத்தில் வெளியே தெரிய வேண்டும். வேருக்கு நீர் எவ்வளவு தேவையோ அவ்வளவு காற்றும் தேவை. ஆழத்தில் புதைந்த வேர் மூச்சு முட்டும். புதைந்த பட்டை அழுகும்.

தோண்டிய மண்ணையே திரும்ப நிரப்பி, காலால் மிதித்து இறுக்காமல், நீர் ஊற்றிப் படியச் செய்க. மேலே காய்ந்த இலை, மரத்தூள் முதலியவற்றை இரண்டு மூன்று அங்குல உயரத்துக்கு மூடாக்காகப் பரப்புக. அது ஈரத்தைக் காக்கும், களையை அடக்கும். ஆனால் தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும்.

காற்றடிக்கும் இடமானால் ஊன்றுகோல் நடலாம். கட்டுவதற்குக் கம்பி வேண்டாம். அகலமான துணிப்பட்டை போதும். கட்டு தளர்வாக இருக்கட்டும். காற்றில் சற்று அசைந்தால்தான் தண்டு தடித்து வலுப்பெறும். ஓராண்டு கழித்து ஊன்றுகோலை எடுத்துவிட மறக்கலாகாது.

6. முதல் மூன்று ஆண்டுகள்

நடும் வேலை ஒரு காலைப்பொழுது. வளர்க்கும் வேலை ஏறத்தாழ மூன்றாண்டு. முதல் மாதம் மழையில்லாத நாளெல்லாம் ஒரு வாளி நீர் வேண்டும். பிறகு ஒன்று விட்டு ஒரு நாள். வேர்பிடித்த பின்னும் வறண்ட வாரங்களில் இரு முறை. வேகமாகக் கொட்டினால் நீர் ஓடிவிடும். மெல்ல ஊற்றினால் இறங்கும். ஊற்றலாமா வேண்டாமா என்ற ஐயம் எழுந்தால் விரலை இரண்டு அங்குலம் மண்ணில் நுழைத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் வேண்டாம். மிகுந்த நீரும் கொல்லும்.

மரத்தடியில் தட்டோ, பிளாஸ்டிக் குவளையோ, தேங்காய் மூடியோ கிடந்தால் உடனே எடுத்துவிடுக. தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டு, ஏறக்குறைய ஒரு வாரத்தில் புதுக் கொசு பறக்கும். நிழலுக்கு நட்ட மரம் தெருவுக்கு டெங்கி காய்ச்சலைத் தரக் கூடாது அன்றோ?

கிளை கழிப்பதிலும் அறிவு வேண்டும். உச்சியை வெட்டி மொட்டையாக்குவது மரத்தைக் கெடுக்கும். வெட்டிய இடத்தில் அழுகல் ஏறும். அங்கிருந்து புறப்படும் புதுக்கிளைகள் உறுதியற்றவை. பெருங்காற்றில் ஒடிந்து விழும். தாழ்ந்த சிறு கிளையைக் கத்தரிப்பதோடு தொண்டர் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஏணி வைத்து ஏறும் வேலை பயிற்சி பெற்றவருக்கே உரியது. அடிமரத்தில் காளான் முளைத்தாலும், மரம் திடீரெனச் சாய்ந்தாலும் பொறுப்பான அலுவலகத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

7. கடைக்காரர் செய்யும் தீங்கு

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். நகர மரத்துக்கு மிக அருகில் இருப்பவர் கடைக்காரர். அதற்கு மிகுந்த தீங்கு செய்யக்கூடியவரும் அவரே.

தள்ளுபடி விற்பனைப் பலகையை மரத்தில் ஆணி அடித்து மாட்டுகிறோம். பட்டைக்கு அடியில் மெல்லிய உயிர்ப்படலம் ஒன்று உண்டு. மரம் பருப்பது அதனால்தான். ஆணி அதைக் கிழிக்கிறது. கிருமி நுழைய வாசல் திறக்கிறது. பட்டையைச் சுற்றிக் கட்டி மறந்துவிட்ட கம்பியோ இன்னும் கொடியது. இலையில் செய்த உணவு வேருக்கு இறங்கும் பாதை பட்டைதான். கம்பி அதை நெரித்தால் வேர் பட்டினியால் மெல்லச் சாகும்.

மீன்பெட்டியின் உப்புநீரையும், எண்ணெயையும், சவுக்காரத் தண்ணீரையும் மரத்தடியில் ஊற்றுகிறோம். சாக்கடைக்குப் போக வேண்டியது வேருக்குப் போகிறது. அஞ்சடியில் இடம் போதாமல் மூட்டைகளை மரத்தைச் சுற்றி அடுக்குகிறோம். அங்கேயே வண்டியை நிறுத்துகிறோம். மரத்தின் வேர் பாதாளம் வரை போகிறது, மேலே என்ன வைத்தாலும் என்ன என்பது பலருடைய எண்ணம். உண்மையில் பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணின் இரண்டடிக்குள்ளேயே படர்கின்றன; கிளைக்குடையையும் தாண்டிப் பக்கவாட்டில் ஓடுகின்றன. பாரம் ஏறி மண் இறுகினால் காற்றும் நீரும் புகா. மரம் அன்றே சாவதில்லை. சில ஆண்டு கழித்துச் சாகும். அப்போது காரணம் யாருக்கும் நினைவிராது.

நண்பகலில் வாடிக்கையாளர் எந்தப் பக்கம் நடக்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? நிழல் உள்ள பக்கமே நடக்கிறார். இலைகள் வெயிலைத் தடுக்கின்றன. தாம் வெளிவிடும் நீராவியால் சுற்றுப்புறத்தையும் குளிர்விக்கின்றன. வாடகை கேட்காமல் நம் கடைக்கு ஆள் அழைத்து வரும் அந்த மரத்தின் மேலேயே நாம் ஆணி அடிக்கிறோம்.

8. தொண்டர் குழுவை அமைக்கும் முறை

நட வருபவர் நூறு பேர் வேண்டியதில்லை. மூன்றாண்டு வருபவர் ஆறு பேர் போதும். நாம் இப்போது பின்பற்றும் முறை இது.

ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு எண் கொடுக்கிறோம். ஒரு கன்றுக்கு இரண்டு வீட்டார் பொறுப்பு. ஒருவர் ஊருக்குப் போனால் மற்றவர் பார்ப்பார். எல்லோருக்கும் பொது என்றால் எவருக்கும் இல்லை என்றே முடிகிறது. நீர் ஊற்றும் முறைப்பட்டியலைக் கடைச் சுவரில் ஒட்டுகிறோம். நோன்பு மாதத்துக்கும் பெருநாள் விடுமுறைக்கும் பள்ளி விடுமுறைக்கும் ஆளை முன்கூட்டியே ஏற்பாடு செய்கிறோம். கன்று பெரும்பாலும் சாவது அந்த நாட்களில்தான். நீர் எடுக்கும் குழாய் எது, அதற்குக் கட்டணம் யார் பொறுப்பு என்பதை நடுமுன்பே முடிவு செய்கிறோம். மாதம் ஒரு முறை கன்றுகளைச் சுற்றிவந்து, நலம், வாட்டம், இழப்பு என்று ஏட்டில் எழுதுகிறோம். பட்டுப்போனால் காரணத்தையும் எழுதுகிறோம். அடுத்த நடவுக்கு அந்த ஏடே ஆசான்.

பத்துக் கன்றுக்கு ஆள் இருந்தால் பத்து நடுங்கள். மூன்றுக்குத்தான் ஆள் என்றால் மூன்றே நடுங்கள். முதலுக்கு மேல் கொள்முதல் செய்பவன் முழுகிப்போவான் என்பது நமக்குத் தெரியாததல்ல.

9. முடிவுரை

மரம் நட்டு, அதன் பயனை மனிதரோ பறவையோ விலங்கோ அடைந்தால், நட்டவருக்கு அது தருமமாகும் என்ற நபிமொழியின் கருத்தை நம்மில் அறியாதவர் இல்லை. அதை நினைத்துத்தான் பலரும் மண்வெட்டியை எடுக்கிறோம். ஆனால் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். பறவை வந்து உண்ண வேண்டுமானால் மரம் உயிரோடு இருக்க வேண்டும். பட்டுப்போன கன்றில் எந்தப் பறவை உட்காரும்?

பிழைத்த ஐந்து கன்றுகளைப் பற்றிச் சொல்வதாகக் கூறினோம். அவை ஐந்தும் வெற்றிடத்தின் ஒரே ஓரத்தில் நின்றவை. அந்த ஓரத்துக் கடையில் வேலை செய்த பெரியவர் ஒருவர், காலையில் கடை திறக்குமுன் ஆளுக்கு ஒரு வாளியாக ஊற்றி வந்திருக்கிறார். நடும் விழாவுக்கு அவர் வரவில்லை. அன்று அவருக்குக் கடையில் வேலை. படத்திலும் அவர் இல்லை. ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டோம். "நீங்கள் எல்லாம் மறுபக்கம் ஊற்றுகிறீர்கள் என்று நினைத்தேன்" என்றார்.

அந்த விடைக்கு மறுமொழி சொல்ல நம்மில் எவருக்கும் வாய் வரவில்லை. அடுத்த நவம்பரில் மீண்டும் ஏழு கன்றுகள் நட்டோம். ஏட்டின் முதல் பக்கத்தில் அவர் பெயரை எழுதினோம்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. உங்கள் கடைக்கு அருகில் உள்ள மரத்தின் பெயர் என்ன? அதில் ஆணியோ கம்பியோ உண்டா?

2. குழியின் ஆழத்தைவிட அகலம் ஏன் மிகுதியாக இருக்க வேண்டும்?

3. நவம்பரில் நட்ட கன்று பிப்ரவரியில் சாவது ஏன்?

4. கடைசியாக நீங்கள் கலந்துகொண்ட மரம் நடும் விழாவில் நட்ட கன்றுகள் இன்று எத்தனை நிற்கின்றன? தெரியாதவர், அடுத்த ஞாயிறன்று ஒரு நடை போய்ப் பார்த்து வருக. போகும்போது ஒரு வாளியும் கொண்டு செல்க.